டெஸ்மண்டின் வலது கை

டெஸ்மண்ட் போவிக்கு ஒரு பழக்கம். யாருக்கும் எதற்கும் நன்றி சொல்லிவிடுவார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது இங்கிலாந்தில் எங்கள் மார்ல்பி ஊரில் எல்லோரும் செய்வதுதான். டெஸ்மண்ட் தானாகத் திறக்கும் கதவுக்கும் சொல்வார், பணம் கக்கும் இயந்திரத்துக்கும் சொல்வார். ஒருமுறை பல் பிடுங்கிக்கொண்டு, பாதி வாய் மரத்துப்போய் என் கடைக்கு வந்தார். மீன் பொட்டலத்தை நான் நீட்டியதும், அந்தக் கோணல் வாயை வைத்துக்கொண்டு நன்றியை முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் போனார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

சாலையைக் கடக்கும்போது வண்டி நின்றால் வலது கையை லேசாக உயர்த்திக் காட்டுவார். இதுவும் இந்த நாட்டில் எல்லோருக்கும் உள்ளதுதான். ஜீப்ரா கோட்டில் ஒருவர் கால் வைத்தால் வண்டி நின்றாக வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்குப் பயந்து நின்றவனுக்கு எதற்கு நன்றி என்று இங்கே யாரும் யோசிப்பதில்லை. கையை உயர்த்தாமல் ஒருவன் கடந்து போனால்தான், இவனை எந்த வீட்டில் வளர்த்தார்கள் என்று கேட்பார்கள்.

டெஸ்மண்டை நல்ல வீட்டில் வளர்த்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு அவர் இடுப்பில் இரும்பு இருக்கிறது.

என் மீன் வறுவல் கடை ஆல்மா தெரு முனையில், ஜீப்ரா கோட்டுக்கு நேராக இருக்கிறது. பக்கத்து வீடு டெஸ்மண்டுடையது. அவரும் அவர் மனைவி கிளெனிஸும் அங்கே இருக்கிறார்கள். மருந்துக்கடை, பஸ் நிறுத்தம், டெஸ்மண்ட் பியர் குடிக்கும் இடம் எல்லாமே எதிர்ப்பக்கம். அந்தக் கோட்டைத் தாண்டாமல் அவர்களுக்கு வாழ்க்கை இல்லை.

போன வருடம் எங்கள் தெருவில் டெய்சி ஓட ஆரம்பித்தாள். ஓட்டுநர் இல்லாத வெள்ளைப் பெட்டி வண்டி. ரயில் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போய்வரும். பெயரை ஊர் மக்களே ஓட்டுப் போட்டு வைத்தார்கள். இந்த நாட்டில் எதற்குப் பெயர் வைப்பதானாலும் மக்களிடம் விட்டுவிடுவார்கள். மற்ற முடிவுகளை மட்டும் விடமாட்டார்கள்.

டெய்சியை மேய்ப்பது, இணைப்புறு மற்றும் தானியங்கி வாகனங்களுக்கான பாதுகாப்பு, காப்பு மற்றும் பரிசோதனை வாரியம். இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் என் எண்ணெயில் ஒரு மீன் பொரிந்துவிடும். பாதுகாப்புப் பிரிவின் வேலை, வண்டி மனிதர்களுக்குத் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வது. காப்புப் பிரிவின் வேலை, மனிதர்கள் வண்டிக்குத் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது பிரிவுக்குத்தான் பெரிய கட்டடம்.

அன்றைக்கு டெஸ்மண்ட் கிளெனிஸின் இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெய்சி வந்தாள். கோட்டுக்கு முன்னால் ஒழுங்காக நின்றாள். டெஸ்மண்ட் இறங்கி நடந்தார். நடுவில் வந்ததும் வழக்கம்போல வலது கையை உயர்த்தி, தலையையும் ஆட்டினார்.

டெய்சி கிளம்பினாள்.

நான் ஓடிப் போனபோது அவர் தார் ரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தார். மருந்து பாட்டில் உடைந்து சட்டையெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து என் உயிரே போய்விட்டது. அவரோ தலைக்கு மேல் நின்ற வெள்ளைப் பெட்டியை அண்ணாந்து பார்த்து, "மன்னிச்சுக்கோ கண்ணு, என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் மிதிபட்டவன் கேட்டுவிடுவான். அதில் ஒரு தப்பும் இருப்பதாக அதுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு வாரியத்திலிருந்து இமோஜன் என்ற பெண் வந்தாள். மக்கள் தொடர்பு அலுவலர். கையில் திராட்சைக் கூடை, முகத்தில் பயிற்சி பெற்ற வருத்தம்.

"உங்களுக்கு ஏற்பட்ட நெருக்கத்துக்காக வாரியம் ரொம்ப வருந்துது, மிஸ்டர் போவி."

"நெருக்கமா?" என்றாள் கிளெனிஸ். "இடுப்பெலும்பு உடைஞ்சு கெடக்குறாரும்மா."

"விபத்துங்கிற வார்த்தைய நாங்க பயன்படுத்துறதில்ல மேடம். விபத்துன்னு சொன்னா ஏதோ தப்பு நடந்த மாதிரி ஆயிடும். எதிர்பாரா நெருக்கம்னுதான் சொல்லுவோம்."

"திராட்சைக்கு ரொம்ப நன்றிம்மா" என்றார் டெஸ்மண்ட் படுக்கையிலிருந்து.

இமோஜன் பொறுமையாக விளக்கினாள். டெய்சி தனியாக முடிவெடுக்கிற வண்டி இல்லையாம். விளக்குக் கம்பத்திடம் கேட்கும், முன்னால் போகும் வண்டியிடம் கேட்கும், எங்கோ பனிப்பிரதேசத்தில் இருக்கும் கணினியிடம் கேட்கும். அன்றைக்கும் எல்லோரிடமும் கேட்டதாம். எல்லோரும் போகலாம் என்றார்களாம்.

"இவர்கிட்ட கேட்டுச்சா?" என்றாள் கிளெனிஸ்.

"இவர்தான் மேடம் முதல்ல போகச் சொன்னவரு. கைய தூக்கினாரு இல்லையா? ஒருத்தர் கைய தூக்கினா, 'நீங்க போங்க, நான் அப்புறம் வர்றேன்'னு அர்த்தம். வண்டி அத மதிச்சுது."

"நடுரோட்டுல நின்னுக்கிட்டு எவனாவது அப்படிச் சொல்வானா?"

"நல்ல மனுஷர், நடுரோட்டுலகூட விட்டுக்கொடுக்கிறார்னு வண்டி எடுத்துக்கிச்சு. அதோட..." அவள் கைபேசியை எடுத்து ஒரு பதிவை ஓடவிட்டாள். கண்ணாடி உடைகிற சத்தம், பிறகு டெஸ்மண்டின் குரல்: மன்னிச்சுக்கோ கண்ணு, என் தப்புதான்.

"அட, நான்தான்!" என்றார் டெஸ்மண்ட். "எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாரேன் கிளெனிஸ்."

"அவரே ஒத்துக்கிட்டாரு" என்றாள் இமோஜன், குரலைத் தாழ்த்தி. "நாங்க அவர்மேல எந்த நடவடிக்கையும் எடுக்கப் போறதில்ல. பயப்படாதீங்க."

நான் எல்லாவற்றையும் பார்த்தேன், சாட்சி சொல்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. மனிதக் கண் வருடாவருடம் சரிபார்த்து முத்திரையிட்ட கருவி அல்ல என்பதால் வாரியம் அதை ஏற்பதில்லையாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. திராட்சையை எடுத்து அவள் மேல் எறிந்திருப்பேன். டெஸ்மண்ட் அதற்குள் பாதியைத் தின்றிருந்தார்.

வெளியே வந்ததும் கிளெனிஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அடுத்த வசந்தத்துல இதுக்கு முழுச் சான்று குடுக்கப் போறாங்களாம் நார்மன். அப்புறம் ஊர் பூரா டெய்சிதானாம். இவர் நடக்க ஆரம்பிக்கிறதும் அப்பதான்."

"கைய தூக்க வேணாம்னு அவர்கிட்ட சொல்லிப் பாரேன்."

"சொன்னேன். சரின்னு சொல்லிட்டு, சொன்னதுக்கு நன்றின்னு கைய தூக்குறாரு." அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கை தானா எழும். தூக்கத்துலகூட எழும். ஒரு கைய பாத்தா அந்த வண்டி நின்ன இடத்துலயே நிக்கணும். அத மட்டும் செஞ்சு குடுங்கன்னு கேக்கப் போறேன். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

வாரியத்தில் முறையிட ஒரு நாள் கொடுத்தார்கள். கிளெனிஸுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என் மீன் வேனில் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே பழைய விமானத்தளம். போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய இடத்தில் இப்போது வாரியம் வண்டியைச் சோதித்துப் பார்க்க ஒட்டுப்பலகையில் ஒரு ஊரைக் கட்டி வைத்திருக்கிறது. பலகைத் தபாலாபீஸ், பலகைத் தேவாலயம், பலகைப் பள்ளிக்கூடம்.

வாசலில் எங்களை ஒரு மணி நேரம் சோதித்தார்கள். வெளியாள் யாரும் வண்டிக்குள் மின்வழியாக ஊடுருவிவிடக் கூடாதாம். என் கைபேசியைப் பிடுங்கி உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். பிறகு கிளெனிஸின் காதிலிருந்த கேட்புக் கருவியையும் கழற்றினார்கள். கைபேசியோடு பேசுவதால் அதுவும் இணைப்புறு சாதனமாம். முறையிட வந்தவளின் காதைக் கழற்றி வைத்துவிட்டு, நீங்கள் சொல்வதையெல்லாம் வாரியம் கவனமாகக் கேட்கும் என்று காவலாளி சொன்னான். நல்லவேளை, அவளுடைய இன்னொரு காது வேலை செய்யும்.

வாரியத் தலைவர் டாக்டர் லாங்லி தானே வந்து எங்களை வரவேற்றார். உயரமான மனிதர். பெரிய இடத்துப் பள்ளியில் படித்தவர் என்பது அவர் கதவைத் திறந்துவிட்ட விதத்திலேயே தெரிந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"பாதுகாப்புதான் எங்க மதம், மிஸஸ் போவி. இந்தப் பலகை ஊர்ல டெய்சி லட்சக்கணக்கான தடவ ஜீப்ரா கோட்டத் தாண்டியிருக்கா. ஒரே ஒரு நடையர்கூட, அதான் நடந்து கடக்குறவங்க, எங்ககிட்ட புகார் குடுத்ததில்ல."

அவர் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தோம். பலகைத் தெருவின் ஜீப்ரா கோட்டருகே நடையர்கள் நின்றார்கள். தொப்பி போட்ட ஆள், பள்ளிப் பிள்ளை, தள்ளுவண்டிக்காரி. எல்லாம் நுரையில் செய்த பொம்மைகள். எல்லோர் முகத்திலும் ஒரே புன்னகை. கிளெனிஸ் கிட்டே போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கை எங்க?"

"என்ன கேட்டீங்க?"

"ஒருத்தருக்கும் கை இல்லையே. இந்தப் பொண்ணு எத வச்சு வண்டியத் தள்ளுறா?"

டாக்டர் லாங்லி மகிழ்ந்துபோனார். இவ்வளவு நுட்பமான கேள்வியை யாரும் கேட்டதில்லை என்றார். "ஆரம்பத்துல கை இருந்துச்சு. இங்க காத்து ஜாஸ்தி. காத்தடிச்சா கை மேல எழும்பும். எழும்பினா வண்டி கிளம்பி வந்து பொம்மைய அடிச்சிடும். ஒரு பொம்மை என்ன விலை தெரியுமா? குழு கூடி ஆலோசிச்சோம். நடக்கிறதுக்குக் கால் போதும்னு முடிவாச்சு. அதுக்கப்புறம் ஒரு பொம்மைகூட சேதமாகல. எங்க வரலாத்துல அது பெரிய திருப்பம்."

கிளெனிஸ் பொம்மையின் வெறும் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லையோ என்று நான் திரும்பச் சொல்லப் போனேன். அவள் கையமர்த்தினாள்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கைய தூக்கினா அடிக்கும்னு."

"கை வச்ச பொம்மைய அடிக்கும்னு தெரியும், மேடம்" என்றார் டாக்டர் லாங்லி, கனிவாக. "மனுஷங்களப் பத்தி எங்ககிட்ட தரவு எதுவும் இல்ல. இல்லாத தரவ வச்சுப் பேசுறது அறிவியல் ஆகாது."

அவருக்குப் பக்கத்தில் இதுவரை பேசாமல் நின்ற தடித்த மனிதர் தொண்டையைக் கனைத்தார். காப்புப் பிரிவின் தலைவர், மேஜர் தோர்ப். முன்னாள் ராணுவம். "ஒரு விஷயம் புரியல. வெளியாள் கைய தூக்கினதும் வண்டி கிளம்பிச்சுன்னா சொல்றீங்க?"

"அதத்தானே உங்க ஆளுங்களும் சொல்றாங்க" என்றேன்.

"நடக்க முடியாத காரியம். வெளியிலேர்ந்து யாரும் அந்த வண்டிக்குக் கட்டளை குடுக்க முடியாது. பூட்டுக்கு மேல பூட்டு, அதுக்கு மேல பூட்டு. உலகத்துல எந்தத் திருடனும் இதுவரைக்கும் உடைச்சதில்ல."

"என் வீட்டுக்காரர் கைய தூக்கினாரு. அது கிளம்பிடுச்சு" என்றாள் கிளெனிஸ்.

தோர்ப்பின் முகம் மாறியது. டாக்டர் லாங்லியின் முகமும் மாறியது. இருவரும் பலகைத் தபாலாபீஸுக்குப் பின்னால் போய் வெகுநேரம் பேசினார்கள். பாதுகாப்புப் பிரிவைப் பொறுத்தவரை, டெஸ்மண்ட் கட்டளை கொடுத்தார்; வண்டி மேல் தப்பில்லை. காப்புப் பிரிவைப் பொறுத்தவரை, வெளியாள் யாரும் கட்டளை கொடுக்கவே முடியாது. இரண்டும் ஒரே வாரியம் சான்றளித்த உண்மைகள். இரண்டையும் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. டெஸ்மண்ட் பூட்டை உடைத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மேஜர் தோர்ப் இரண்டு தொழில்நுட்ப ஆட்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். திராட்சை கொண்டு வரவில்லை. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். நானும் கிளெனிஸும் உள்ளேதான் இருந்தோம்.

"மிஸ்டர் போவி, இணைப்புறு வாகனத்துக்குள்ள அனுமதியில்லாம ஊடுருவினதா உங்கமேல விசாரணை நடக்குது. எந்தக் கருவிய பயன்படுத்தினீங்க?"

"கருவியா? எனக்கு டிவியே ஒழுங்கா போடத் தெரியாதுங்களே."

"வண்டிய எப்படிக் கிளப்பினீங்க?"

"நான் கிளப்பல. நன்றி சொன்னேன்."

"எப்படின்னு செஞ்சு காட்டுங்க."

டெஸ்மண்ட் வலது கையை லேசாக உயர்த்தினார். தோர்ப் சட்டென்று ஒரு அடி பின்வாங்கினார். தொழில்நுட்ப ஆட்களில் ஒருவன் படம் பிடித்தான்.

"இத உங்களுக்கு யார் கத்துக் குடுத்தது?"

"எங்கம்மா."

"அவங்கள எங்க பாக்கலாம்?"

"செயின்ட் சைரில் கல்லறையில. மழை பெஞ்சா உள்ள போக முடியாது, பூட்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க."

"வேற யார் யாருக்கு இந்த முறை தெரியும்?"

டெஸ்மண்ட் நேர்மையாக யோசித்தார். "இங்கிலாந்துல எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறேன்."

மேஜர் தோர்ப்பின் பேனா நின்றுவிட்டது. இத்தனை பெரிய கும்பலை அவர் தன் பணிக்காலத்தில் சந்தித்ததில்லை. கிளம்பும்போது, வந்ததற்கு நன்றி என்று டெஸ்மண்ட் மறுபடி கையைத் தூக்கினார். மூன்று பேரும் வேகமாக வெளியேறினார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கிளெனிஸ் என்னை முறைத்தாள்.

"சிரிங்க. நல்லா சிரிங்க. வண்டியத் திருத்தித் தாங்கன்னு கேட்டேன். இவரத் திருத்த வந்துட்டானுங்க."

அவள் சொன்னதுதான் நடந்தது, ஆனால் டெஸ்மண்டோடு நிற்கவில்லை. ஊரையே திருத்த ஆரம்பித்தார்கள். குளிர்காலம் முழுக்க மார்ல்பியில் சுவரொட்டிகள். உயர்த்திய ஒரு கை, அதன் மேல் சிவப்புக் கோடு. கீழே, "நன்றி மனதில் இருக்கட்டும், கை பையில் இருக்கட்டும்." பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மேல்கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி தெருவைக் கடக்கப் பழக்கினார்கள். பனியில் வழுக்கிக் கைகளை வெளியே எடுக்க முடியாமல் மூக்கு உடைந்த பிள்ளைகள் உண்டு. அவை எதிர்பாரா நெருக்கம் கணக்கில் வரவில்லை, அங்கே டெய்சி இல்லை என்பதால்.

ஊர் மெல்ல மாறியது. ஓட்டுநர் உள்ள வண்டிக்காரர்கள் கோபப்பட ஆரம்பித்தார்கள். நான் நிற்கிறேன், இவன் துரை மாதிரி பையில் கைவிட்டுப் போகிறான் என்று ஹாரனை அழுத்தினார்கள். பால் வண்டிக்காரன் ஒருவன் கண்ணாடியை இறக்கித் திட்டியதை நான் இங்கே எழுத முடியாது. பிறகு, எதற்கு நிற்க வேண்டும் என்று சிலர் நிற்பதையே விட்டுவிட்டார்கள். வாரியம் இதையும் ஆராய்ந்தது. மனிதர்கள் ஓட்டும் வண்டிகள் ஆபத்தானவை என்பது இதனால் உறுதியாகிறது என்று அறிக்கை விட்டது.

டெஸ்மண்ட் மேலிருந்த வழக்கை எச்சரிக்கையோடு கைவிட்டார்கள். கருவி இன்னமும் அவர் வசமே இருப்பதால் கண்காணிப்பு தொடரும் என்று இமோஜன் சொல்லிவிட்டுப் போனாள்.

வசந்தம் வந்தது. சான்று கொடுக்கும் நாளும் வந்தது. டெஸ்மண்ட் அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார், நடக்க உதவும் நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. வாரியம் எங்கள் ஜீப்ரா கோட்டையே செயல்விளக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தது. நெருக்கம் நடந்த அதே இடத்தில், வாரியத் தலைவரே டெய்சிக்கு முன்னால் நடந்து கடப்பார். அமைச்சகத்து ஆட்கள், கேமராக்கள், பித்தளை வாத்தியக் குழு. நல்ல கூட்டம். எனக்கு வியாபாரமும் நல்ல வியாபாரம், அதை மறைக்க விரும்பவில்லை.

டாக்டர் லாங்லி ஒலிபெருக்கியில் பேசினார்.

"கொஞ்ச நாளைக்கு முன்னால இந்த இடத்துல ஒரு குடிமகன் தவறான சைகை காட்டினாரு. நாங்க அவர கைவிடல. அவருக்குப் புரிய வச்சோம். இந்த ஊருக்கே புரிய வச்சோம். இயந்திரம் மனுஷன புரிஞ்சுக்கணும்னு சிலர் கேக்குறாங்க. அதுக்கு ரொம்பக் காலம் ஆகும், செலவும் ஜாஸ்தி. மனுஷன் சீக்கிரம் கத்துக்குவான். இத நிரூபிச்ச மார்ல்பிக்கு என் வணக்கம்."

கைத்தட்டினார்கள். நானும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன்.

டெஸ்மண்ட் என் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிளெனிஸ் கோட்டோரமாக, நடைபாதை விளிம்பில் நின்றாள். டாக்டர் லாங்லியின் வலது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன். எனக்கும் கண் அங்கேதான்.

அவர் பையில் கைவிட்டுக்கொண்டு கிளம்பினார். டெய்சி வந்தாள், நின்றாள். அவர் நடுவில் வந்ததும் கேமராக்காரன் ஒருவன் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிக் கூவினான். அவர் திரும்பிப் புன்னகைத்தார். அந்தக் கணத்தில் அவர் கவனம் தப்பிவிட்டது. பெரிய இடத்துப் பள்ளி, நல்ல குடும்பம், நல்ல வளர்ப்பு. வலது கை பையிலிருந்து தானாக வெளியே வந்தது. மணிக்கட்டு, அப்புறம் முழங்கை. டெய்சியின் பக்கமாக மேலே போய்க்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குள் ஏதோ ஒன்று, போகட்டும், இன்னும் கொஞ்சம் மேலே போகட்டும் என்றது. நான் அசையவில்லை.

கிளெனிஸ் பாய்ந்தாள். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கீழே இழுத்து, தன் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் வரை இழுத்துப் போனாள். டெய்சி அசையாமல் நின்றாள். வாத்தியக் குழு வாசிக்க ஆரம்பித்தது.

டாக்டர் லாங்லியின் முகம் மாவு தடவிய மீன் மாதிரி வெளுத்திருந்தது. ஆனால் ஒலிபெருக்கி கைக்கு வந்ததும் நிறம் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா! இந்த ஊர்க்காரம்மா ஒருத்தங்க உணர்ச்சிவசப்பட்டு ஓடி வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டாங்க. டெய்சி முன்னாடியே ஓடி வந்தாங்க! பயமே இல்ல. இதவிடப் பெரிய சான்று வேணுமா?"

வேண்டாம் என்று அமைச்சகத்து ஆட்கள் முடிவு செய்தார்கள். அங்கேயே முழுச் சான்று கொடுக்கப்பட்டது. கிளெனிஸ் நடைபாதையில் மூச்சு வாங்க நின்றாள். யாரோ அவளைப் படம் பிடித்தார்கள். மறுநாள் பத்திரிகையில், நம்பிக்கையின் முகம் என்று போட்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் லாங்லி என் கடைக்கு வந்து உருளைக்கிழங்கு வறுவல் கேட்டார். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னேன், "உங்க கை மேல போச்சு."

"போகல."

"நான் பாத்தேன்."

"நீங்க பாத்தது பதிவுல இல்லையே" என்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். வெளியே நின்ற கிளெனிஸைத் தாண்டித்தான் போனார். ஒரு இயந்திரத்துக்கு நன்றி சொல்லத் தானாக எழுந்த கை, தன்னைக் காப்பாற்றினவளுக்குப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

"ஏன் இழுத்த?" என்று அவளிடம் கேட்டேன். "ஒரே ஒரு தடவ அடிச்சிருந்தா, நாளைக்கே எல்லா டெய்சியையும் நிறுத்தியிருப்பானுங்க. டெஸ்மண்ட் தப்பிச்சிருப்பாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவருக்கும் வீட்டுல யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல, நார்மன்" என்றாள். பிறகு என் கடை வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். டெஸ்மண்ட் தன் நாற்காலியிலிருந்து குனிந்து அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார், எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல்.

இப்போது ஊர் பூரா டெய்சிகள். மரியாதை குறைந்துவிட்டதாக மக்கள் வருத்தப்படுகிறார்கள் என்று வாரியம் ஒரு கருத்துக் கணிப்பில் கண்டுபிடித்து, அதற்கும் ஒரு வழி செய்துவிட்டது. ஜீப்ரா கோட்டில் நிற்கும்போது டெய்சியே இனிமையான பெண் குரலில் நன்றி சொல்லும். நடையர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் மத்தியானம் டெஸ்மண்டும் கிளெனிஸும் மருந்துக்கடைக்குக் கிளம்புவார்கள். அவர் இடது கையில் ஊன்றுகோல். வலது கை அவள் கைக்குள். வரிசையில் நிற்கும் என் வாடிக்கையாளர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "இந்த வயசுலயும் கையக் கோத்துக்கிட்டு நடக்குறாங்க பாரேன், என்ன ஒரு அன்பு" என்பார்கள். சிலருக்குக் கண் கலங்கும். நான் மீனைத் திருப்பிப் போடுவேன்.

எனக்கு இங்கிருந்து தெளிவாகத் தெரியும். டெய்சி நின்று நன்றி சொன்னதும் டெஸ்மண்டின் தலை ஆடும், தோள் எழும். கிளெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு கீழே இழுப்பாள். அவள் மணிக்கட்டில் இப்போது எப்போதும் கட்டுத்துணி சுற்றியிருக்கிறது.

சான்று கொடுத்த நாளிலிருந்து ஆல்மா தெருவில் ஒரு நெருக்கம்கூட நிகழவில்லை என்று வாரியம் போன மாதம் அறிவித்தது. போன வியாழக்கிழமை கிளெனிஸுக்குக் காய்ச்சல். டெஸ்மண்ட் மட்டும் தனியாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"நீயா? எதுக்கு நார்மன், கடைய விட்டுட்டு?" என்றார் அவர். நான் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். டெய்சி வந்து நின்று நன்றி சொன்னாள். என் கைக்குள் அந்தக் கை எழுந்தது. இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.